ஸ்பீக்கர் பட்ஜெட்தான், ரிசீவரை மாற்றலாமா?

திருநகரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு 5.1 செட் போட்டேன். முன்னாடி ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஜோடி பதினாலாயிரம். சென்டரும் பின்னாடி ரெண்டும் அதே கம்பெனி. எட்டு இஞ்ச் சப்வூஃபர். ரிசீவர் 80 வாட்ஸ், இருக்கிறதுலயே சின்ன மாடல். வசனம் தெளிவா கேக்க மாட்டேங்குது. சத்தத்தைக் கூட்டினா காது எரியுது. கடையில கேட்டா ஆம்ப் பத்தலை, ஒன்பது சேனல் ரிசீவரா போடுங்கன்றாங்க. எழுபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். இந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவு செலவு தகுமா?" ஹால் 16க்கு 11 அடி, காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் பத்தடி என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கர் விலை குறைவு என்பதால் இதைச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற இரண்டு குறைக்கும் ரிசீவர், அதாவது டிவி ஒலியை வாங்கிப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிற ஆம்ப் பெட்டி, காரணமாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்த எழுபதாயிரத்தைக் கொடுத்துப் புது டப்பாவை வைத்தாலும் அதே வசனம் அதே மாதிரிதான் கேட்கும் என்று நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ் கணக்கு. கடைக்காரர் எடுத்ததும் அதைத்தான் பேசுவார். உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ அட்டைப்பெட்டியிலோ சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். இந்த விலையில் 86, 87 டெசிபல் இருப்பது வழக்கம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள், அதுதான் ஒரு வாட். நீங்கள் உட்காருவது பத்தடியில், அதாவது மூன்று மீட்டரில். அங்கே வந்து சேரும்போது ஒன்பது, பத்து டெசிபல் குறையும். 78 என்று வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்புவதும் பக்கத்து ஸ்பீக்கரும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அதை விட்டுவிடுவோம்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கும்போது சராசரி சத்தம் 65, 70 டெசிபல்தான் இருக்கும். அதற்கு ஒரு ஸ்பீக்கருக்குக் கால் வாட் கூடத் தேவைப்படாது. குண்டு வெடிக்கிற, கார் மோதுகிற இடங்களில் சராசரியை விட 20 டெசிபல் வரை எகிறும் என்று வைத்துக்கொண்டாலும், 90 டெசிபலுக்கு 16 வாட் போதும். உங்களிடம் இருப்பது 80. சேனல் அத்தனையும் ஒரே சமயத்தில் வேலை செய்தால் அந்த 80 ஐம்பதாகவோ நாற்பதாகவோ இறங்கும், சின்ன ரிசீவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இறங்கினாலும் மிச்சம் இருக்கிறது.

சரி, 160 வாட் ரிசீவர் வாங்கினால் என்ன கிடைக்கும்? மூன்று டெசிபல். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காவதில்லை. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற பத்து டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். மூன்று டெசிபல் என்பது, பக்கத்தில் இருப்பவர் "கொஞ்சம் கூட்டினியா?" என்று கேட்கிற அளவு. சினிமா தியேட்டரில் சராசரி 85, உச்சத்தில் ஒரு சேனலுக்கு 105 டெசிபல் என்று அளவு வைத்து ஒலி சேர்க்கிறார்கள். அதை அப்படியே ஹாலில் கொண்டுவர வேண்டுமென்றால் உங்கள் ஸ்பீக்கருக்கு 500 வாட் பக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பே அதன் வாய்ஸ் காயில் கருகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டியிருப்பார்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே ரிசீவருக்கு ஒரு மூலையில் 80 என்றும் இன்னொரு மூலையில் 140 என்றும் இருக்கும். முதலாவது, 8 ஓமில், இரண்டு சேனல் ஓட, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒலி சிதையாமல் அளந்தது. இரண்டாவது, 6 ஓமில், ஒரே சேனலில், 1,000 ஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்து, பத்து சதவீதம் சிதைகிற வரை ஏற்றி அளந்தது. கடையில் இரண்டு மாடலை ஒப்பிடும்போது முதல் எண்ணோடு முதல் எண்ணை ஒப்பிடுங்கள். பெரும்பாலான சமயம் நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குப் பத்து, பதினைந்து வாட்தான் கூடியிருக்கும்.

ஆம்ப்புக்கென்று ஒரு தனிச் சுவை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் நம்பினேன். பன்னிரண்டு வருடம் முன்பு, என் சின்ன ரிசீவர் போதாது என்று முடிவுகட்டி, பதினைந்து கிலோ எடையில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப் வாங்கினேன். முதல் நாள் ராத்திரி பாட்டு உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து என் நண்பர் ஒருவர், ஸ்பீக்கர் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஆம்பிலும் ஒரே வோல்டேஜ் வருகிற மாதிரி வால்யூமைச் சரிசெய்துவிட்டு, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லி மாற்றி மாற்றிப் போட்டார். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் நாள் எனக்குக் கேட்டதெல்லாம் புது ஆம்ப் அதே குமிழ் நிலையில் இரண்டு டெசிபல் சத்தமாகப் பாடியதுதான். கொஞ்சம் சத்தமாகப் பாடுவது நன்றாகப் பாடுவதாகவே காதுக்குப் படும். கடையில் இரண்டு செட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அளவுக்குள் ஓடுகிற ஒரு நல்ல ரிசீவர், கேட்கிற எல்லா சுருதியையும் அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் கொடுத்துவிடும். நல்ல பட்ஜெட் ஸ்பீக்கர் மூன்று டெசிபல் மேலே கீழே ஆடும். உங்கள் ஹாலோ, பேஸ் பகுதியில் பத்துப் பதினைந்து டெசிபல் ஆட்டும். பெரிய ஓட்டை எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரிகிறதே.

ஹாலுக்கு வருவோம். நம் ஊர் வீட்டில் ஒலிக்குப் பகையான எல்லாமே இருக்கிறது: பூசின செங்கல் சுவர், காங்கிரீட் தளம், வழுவழு டைல்ஸ், கண்ணாடி ஷோகேஸ். சோபாவில் உட்கார்ந்து ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டல் முடிந்த பிறகு "ட்ர்ர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்டால், சத்தம் கூட்டும்போது உங்கள் காது எரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். பக்கத்துச் சுவரில், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் பாதி வழியில், இலவம் பஞ்சு மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்து ஒரு பாட்டுக் கேளுங்கள். மெத்தையை நிரந்தரமாக அங்கே வைக்கச் சொல்லவில்லை, வீட்டில் சம்மதிக்கவும் மாட்டார்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த இடத்துக்குப் புத்தக அலமாரியோ, மடிப்பு மடிப்பான கனத்த திரையோ போட்டுக்கொள்ளலாம்.

பேஸுக்கு இது எதுவும் உதவாது. 16 அடி நீளம் என்றால் 35 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை அறைக்குள் நின்றுவிடும். 11 அடி அகலத்துக்கு 51, பத்தடி உயரக் கூரை என்றால் 57. இந்தச் சுருதிகள் ஒரு இடத்தில் வீங்கும், இன்னொரு இடத்தில் காணாமல் போகும். உங்கள் சப்வூஃபர் மூலையில் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நானே ஊகிக்கிறேன், பத்து வீட்டில் எட்டு வீட்டில் அங்கேதான் இருக்கும். அங்கே இருந்தால் ஒரே சுருதி "டம் டம்" என்று முட்டிக்கொண்டு, மேலே வசனத்தையும் மூடிவிடும்.

போன வருடம் பழங்காநத்தத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். அவரும் புது ரிசீவருக்கு முடிவு பண்ணிவிட்டார், முன்பணம் மட்டும் கொடுக்கவில்லை. அவர் மனைவி காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "என்னத்தண்ணே பேசுறாங்கன்னே புரியலை. சண்டை வந்தா மட்டும் வீடே இடியுது." அந்த ஒரு வரியில் நோய் முழுக்க இருந்தது.

சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸின் கீழ்த்தட்டில் ஓரடி உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு பொம்மை யானையும் ரிமோட் டப்பாவும். பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் எப்படிக் கேட்கும், அப்படித்தான் வசனம் கேட்டது. வெளியே இழுத்து, தட்டின் விளிம்புக்கு முன்முகம் வருகிற மாதிரி வைத்து, முன்காலுக்கடியில் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தை மேலே தூக்கினோம். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் சோபாவில், பிள்ளைகள் பாயில். சோபாக் காது மூன்றடி உயரத்தில், பாய்க்காது இரண்டரை அடியில். இரண்டுக்கும் நடுவே குறிவைத்தோம்.

அப்புறம் டிவி. சவுண்டு செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று கிடந்தது. அந்த டிவி அப்படி இருக்கும்போது எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுபோகிற இணைப்பு) வழியாக வெறும் இரண்டு சேனலைத்தான் அனுப்புகிறது. ரிசீவர் அதை ஏதோ கணக்குப் போட்டு ஐந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தது. 'பாஸ்த்ரூ' என்று மாற்றினதும் ரிசீவர் முகப்பில் 'டால்பி' என்று எழுத்து வந்தது. மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒரு படம் கூட நிஜமான 5.1-ல் ஓடவில்லை. தம்பி, உங்கள் ரிசீவர் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

கடைசியாக ஒயர். இடது ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும், பேஸ் மெலியும், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அலையும். கண்டுபிடிக்க ஒரு பென்சில் பேட்டரி போதும். ரிசீவரை அணைத்து, அதன் பின்னால் இருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனையைப் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று சத்தம் வரும். வூஃபர் கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸைத் தொட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே போனால் மாறியிருக்கிறது. ஐந்தையும் இப்படிப் பாருங்கள். ஒயர் விஷயத்தில் வேறு செலவே வேண்டாம். சுத்தமான செம்பில் 1.5 சதுர மில்லிமீட்டர், வீட்டு ஒயரிங்குக்குப் போடுவதே போதும். ஐந்து மீட்டர் போய்த் திரும்பினாலும் 0.12 ஓம்தான் தடை.

இதெல்லாம் முடிந்த பிறகு ரிசீவருடன் வந்த மைக்கை எடுங்கள். ஆடிசி, ஒய்பாவோ, டைராக் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்தத்தையும் அளந்து சரிசெய்வது. நிறைய வீட்டில் அந்த மைக் பெட்டியைப் பிரித்திருக்கவே மாட்டார்கள். மைக்கை சோபா முதுகில் சும்மா வைக்காமல், ஒரு கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். ஃபேனை அணையுங்கள். ஆடி மாதம் தெருமுனையில் குழாய் கட்டியிருக்கும்போது செய்யாதீர்கள், விடிகாலை ஐந்து மணி நல்ல நேரம். முடிந்ததும் பல ரிசீவர்கள் முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று குறித்துவிடும். அதை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

இந்த ஒரு மாற்றத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 'லார்ஜ்' என்று இருந்தால் உங்கள் முன் ஸ்பீக்கரின் சின்ன வூஃபர் 40 ஹெர்ட்ஸையும் பாட முயலும். அதால் முடியாது. கோன் எல்லை வரை ஓடி, அதே கோனில் இருந்து வர வேண்டிய குரலையும் கலக்கிவிடும். ஆம்ப்பின் சக்தியிலும் பெரும்பகுதி அங்கேதான் வீணாகும். 80-க்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் முன் ஸ்பீக்கர் மூச்சு விடும், ரிசீவருக்கும் பாரம் இறங்கும். பெரிய ஆம்ப் வாங்கிக் கிடைக்கிறதை விட அதிகமாகவே இதில் கிடைக்கும், காசில்லாமல். வசனத்துக்கு சென்டரை மட்டும் இரண்டு டெசிபல் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரியில் 'டைனமிக் ரேஞ்ச்' என்பதைக் குறைத்து வைத்தால் சண்டைக்காட்சி அடங்கும், பேச்சு எழும்.

ரிசீவரை மாற்றவே கூடாதா என்றால், அப்படி இல்லை. நியாயமான காரணங்கள் இருக்கின்றன. டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆப்டிக்கல் ஒயர் மட்டுமே இருந்தால் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பி வகை) வராது. ஏஆர்சி இருந்தால் ஓடிடி செயலிகள் தருகிற அட்மாஸ் வந்துவிடும், ஆனால் புளூ-ரேயில் இருக்கிற, தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டியை டிவி வழியாகக் கொண்டுவர ஏஆர்சியின் புது வடிவமான இஏஆர்சி வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு மாறப் போகிறீர்கள் என்றால் சின்ன ரிசீவர் சூடாகித் தவிக்கும், அங்கே பெரிய ஆம்ப் வேண்டும். மைக் அளவீடே இல்லாத ரிசீவர் என்றால் அந்த வசதிக்காகவே மாற்றுவது சரியான செலவு. சத்தமாக ஓடும்போது ரிசீவர் தானே அணைந்து அணைந்து வந்தால், முதலில் ஒயர் பிரி ஒன்றோடொன்று உரசுகிறதா, காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அது மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

இன்னொரு வகை நம் பக்கம் நிறைய. அசெம்பிள் செட். எஸ்டிகே ஐசி (ஆம்ப் வேலை செய்கிற சிப்) போட்டு, பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்து, முகப்பில் 5.1 என்று ஸ்டிக்கர் ஒட்டியது. சத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது, அந்த மெக்கானிக்குகளின் கைநேர்த்தி மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் டால்பி பிரிக்கிற டிகோடர் கிடையாது, ஸ்பீக்கர் தூரம் கொடுக்க வழி இல்லை, 80 ஹெர்ட்ஸில் வெட்டவும் வழி இல்லை. அந்த மாதிரி செட் வைத்திருப்பவர் கேட்டிருந்தால், ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு ரிசீவரைத்தான் முதலில் வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலை வேறு.

உங்கள் ரிசீவர் கண்ணாடிக் கதவு போட்ட தட்டுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் ஹாலே 36, 37 டிகிரி இருக்கும்போது, மூடிய தட்டுக்குள் அது என்ன பாடுபடும்? உள்ளே இருக்கிற மின்தேக்கிகளின் ஆயுள், பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. மேலே ஐந்தாறு இஞ்ச் திறந்த இடம் விடுங்கள், டிடிஎச் பெட்டியை அதன் தலையில் ஏற்றாதீர்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெரு என்றால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் இருந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில்.

எழுபதாயிரத்துக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் ஜமுக்காளத்தைத் தவிர எதுவும் வாங்காதீர்கள். மேலே சொன்னதை எல்லாம் செய்துவிட்டு, ஏற்கனவே பார்த்த இரண்டு படங்களைத் திரும்பப் பாருங்கள். பிறகும் மனசு கேட்கவில்லை என்றால், பாதிப் பணத்துக்கு ஒரு நல்ல 10 அல்லது 12 இஞ்ச் சப்வூஃபர். 16 அடி ஹாலுக்கு எட்டு இஞ்ச் உண்மையிலேயே போதாது, இந்த செட்டில் அளவில் சின்னதாக இருக்கிற ஒரே பொருள் அதுதான். மீதியில் முன் மூன்று ஸ்பீக்கரையும், சென்டரையும் சேர்த்து, ஒரே வரிசையில் வாங்குங்கள். சென்டரை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கினால் ஆள் திரையில் இடமிருந்து வலம் நடக்கும்போது குரல் மாறும். அந்தப் புது ஸ்பீக்கர்களையும் இந்த 80 வாட் ரிசீவரே தாராளமாக ஓட்டும். பின் ஸ்பீக்கர்கள் இப்போது இருப்பவையே இருக்கட்டும்.

புது சப்வூஃபர் வந்ததும் நேராக மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சோபாவில் நீங்கள் உட்காருகிற இடத்திலேயே அதைத் தூக்கி வைத்து, பேஸ் கிட்டார் ஒரே சீராக ஓடுகிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாக மண்டி போட்டு, தலையைத் தரைப் பக்கம் தாழ்த்தி, மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். சில இடத்தில் முட்டும், சில இடத்தில் ஒன்றுமே இருக்காது. ஏதோ ஒரு இடத்தில் ஒவ்வொரு சுருதியும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கும். அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சப்வூஃபர் உட்கார வேண்டிய இடம் அது. பீரோவை நகர்த்த வேண்டி வந்தால், ஒரு ஆளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.